பினாங்கிலிருந்து சென்னைக்கு ஒன்பது நாழிகை

பினாங்கிலிருந்து சென்னைக்கு விமானத்தில் செல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வினா எளியது. ஆயின், கேட்பவருக்குக் கிடைக்கும் விடைகள் பல. பயணச்சீட்டில் காலை 9.30-க்குப் புறப்பாடு என்றும் காலை 10.35-க்கு வருகை என்றும் அச்சிட்டிருந்தால், "ஒரு மணி நேரம்தான்" என்று சொல்வாரும் உளர். அதே வழியில் திரும்பி வருபவர், சென்னையில் பின்னிரவு 2.15-க்கு ஏறிப் பினாங்கில் காலை 8.30-க்கு இறங்கினால், "ஆறு மணி நேரத்துக்கு மேலாயிற்று" என்பார். போகும்போது விமானம் விரைந்து பறந்தது என்றும், வரும்போது காற்று எதிர்த்தது என்றும் காரணம் கற்பிப்பாரும் உண்டு. இரண்டும் சரியல்ல. போகவும் வரவும் ஏறத்தாழ ஒரே நேரந்தான் ஆகின்றது. அது மூன்றரை மணிக்குச் சற்று மேல். பழைய தமிழ்க் கணக்கில் ஒன்பது நாழிகை.

இந்தத் தவறு வெறும் பேச்சோடு நின்றுவிடுமாயின் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ஒரு சூழ்நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஜார்ஜ்டவுனில் இருக்கும் ஒருவருக்கு முன்னிரவில் சென்னையிலிருந்து தொலைபேசி வருகின்றது. தகப்பனார் காலமாகிவிட்டார், மறுநாள் பகல் 1 மணிக்கு எடுக்கின்றார்கள். காலை 9.30-க்கு ஒரு விமானம் இருக்கின்றது. பயணம் 3 மணி 35 நிமிடம் என்பது அவருக்குத் தெரியும். 9.30-உடன் அதைக் கூட்டுகின்றார், பகல் 1.05 என்று வருகின்றது. ஐந்து நிமிடத்தால் தவறிவிடும் என்று நெஞ்சு கனக்க, "நான் வந்து சேர முடியாது, நீங்கள் நடத்திவிடுங்கள்" என்று சொல்லிவிடுகின்றார். உண்மை யாது? அவர் கூட்டிக் கண்ட 1.05 பினாங்குக் கடிகாரத்தின் மணி. சென்னைக் கடிகாரத்தில் அப்போது காலை 10.35 தான். தந்தையின் முகத்தைக் கடைசி முறையாகக் காண அவருக்கு இன்னும் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கூட்டலில் பிழையில்லை, இரண்டு கடிகாரங்களை ஒன்றாக்கியதே பிழை.

ஆதலின் தொலைவு, வேகம், கடிகாரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்தறிவது பயனுடையது. தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்பு மாணாக்கரும் விளங்கிக்கொள்ளத்தக்க கணக்குத்தான் இது.

தொலைவு

பினாங்கு விமான நிலையம் பாயான் லெப்பாசில் உள்ளது. அதன் இருப்பிடம் வட அட்சரேகை 5.3 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 100.3 பாகை. சென்னை விமான நிலையம் மீனம்பாக்கத்தில் உள்ளது; வட அட்சரேகை 13.0 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 80.2 பாகை. எனவே இரண்டிற்கும் இடையே தெற்கு வடக்காக 7.7 பாகையும், கிழக்கு மேற்காக 20.1 பாகையும் வேறுபாடு.

பூமியின் மேற்பரப்பில் அட்சரேகை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே தெற்கு வடக்கான பகுதி 855 கிலோமீட்டர். தீர்க்கரேகைகளோ துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கிவருவன. பூமத்திய ரேகையில் மட்டுமே ஒரு பாகைக்கு முழு 111 கிலோமீட்டர் கிடைக்கும். பினாங்கிற்கும் சென்னைக்கும் நடுப்பட்ட அட்சரேகை ஏறத்தாழ 9 பாகை. அங்கே இந்த நீளம் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு அளவே குறைகின்றது. அதைக் கழித்துக் கணக்கிட்டால் கிழக்கு மேற்கான பகுதி 2,200 கிலோமீட்டர் ஆகும். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு பைதகோரஸ் தேற்றப்படி கர்ணத்தைக் கண்டால், 2,360 கிலோமீட்டர் என்ற விடை கிடைக்கின்றது. மைல் கணக்கில் ஏறத்தாழ 1,470. கடல் மைல் கணக்கில் ஏறத்தாழ 1,275.

உருண்டையான பூமிக்குத் தட்டையான முக்கோணம் பொருந்துமா என்று கேட்கும் மாணாக்கன் பாராட்டுக்குரியவன். பூமிமேல் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வழியே செல்வதாகும். கோள முக்கோணக் கணிதத்தால் அதைக் கண்டாலும் பினாங்கு–சென்னை வழிக்கு ஓரிரு கிலோமீட்டர் வேறுபாடே தோன்றுகின்றது. இரண்டு ஊர்களும் பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதே காரணம். ஆயின் எல்லா வழிகளுக்கும் இந்த எளிய முறை உதவாது. பினாங்கிலிருந்து இலண்டனுக்குப் பெருவட்ட வழி ஏறத்தாழ 10,280 கிலோமீட்டர். திசைகாட்டியின் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு சென்றால் 10,720 கிலோமீட்டர் ஆகிவிடும். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இலண்டன் விமானத்தின் வழி வடக்கே வளைந்து தோன்றுவது இதனாலேயே. படத்தில் வளைவாகத் தோன்றுவதே உருண்டையின்மேல் குறுக்குவழி.

நேரே பறக்கும் விமானம் கிடைக்காதபோது கோலாலம்பூர் வழியாகச் செல்பவர் பலர். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு 325 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர். மொத்தம் 2,950-க்குச் சற்று மேல். நேர்வழியைவிட ஏறத்தாழ 600 கிலோமீட்டர் கூடுதல். பறப்பதில் இதனால் ஆகும் தாமதம் பெரிதன்று. இடையில் இறங்கிக் காத்திருக்கும் நேரமே பெரிது. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்கிற்கும் இடையே நேர்விமானத்தைத் தொடங்கியபோது வடமலேசியத் தமிழர் மகிழ்ந்ததற்கு இந்தக் காத்திருப்பு நீங்கியதே காரணம்.

வேகம்

இவ்வழியில் செல்லும் நடுத்தர ஜெட் விமானம் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,360-ஐ 830-ஆல் வகுத்தால் 2 மணி 50 நிமிடம். பின், அட்டவணையில் 3 மணி 35 நிமிடம் என்று ஏன் காட்டப்படுகின்றது? விமான நிறுவனங்கள் பயண நேரத்தை எண்ணுவது, விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, சேருமிடத்தில் வந்து நிற்கும் நொடிவரை. ஓடுபாதைக்குச் செல்வது, முறை வரும்வரை நிற்பது, மெல்ல உயரம் ஏறுவது, சென்னையை அணுகும்போது வேகத்தைத் தணித்துச் சுற்றிவந்து இறங்குவது ஆகியவை எல்லாம் அதனுள் அடங்கும். இவற்றிற்கு முக்கால் மணி நேரம் ஆகின்றது. குறுகிய பயணங்களில் இந்த முக்கால் மணி பெரும்பங்கு. நீண்ட பயணங்களில் சிறுபங்கு. ஆகவே தொலைவு இருமடங்காகும்போது நேரமும் இருமடங்காகும் என்று மாணாக்கர் எழுதிவிடக் கூடாது.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக விரைந்தோடும் காற்றாறு ஒன்று உண்டு. இந்திய வானிலை அறிஞர் பி. கோடீசுவரம் 1958-ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்து எழுதினார். அதன் கடுமை பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில். கீழே பறக்கும் விமானங்களுக்கும் அதன் தள்ளுதல் ஓரளவு கிட்டும். அக்காலத்தில் சென்னைக்குப் போகும் விமானம் சிறிது முந்தலாம்; வரும் விமானம் சிறிது பிந்தலாம். ஆயின் இந்த வேறுபாடு நிமிடக் கணக்கினதே. ஒரு மணியையும் ஆறு மணியையும் உண்டாக்கும் ஆற்றல் காற்றுக்கு இல்லை.

கடிகாரம்

அவ்வாற்றல் கடிகாரத்துக்கே உண்டு. பூமி ஒருமுறை சுழல 24 மணி நேரம். அஃதாவது 60 நாழிகை. 360 பாகையை 60-ஆல் வகுத்தால் நாழிகைக்கு 6 பாகை. மணிக்கு 15 பாகை. பாகைக்கு 4 நிமிடம். பினாங்கிற்கும் சென்னைக்கும் தீர்க்கரேகை வேறுபாடு 20.1 பாகை என்று கண்டோம். எனவே கதிரவன் பினாங்கின் உச்சிக்கு வந்து 1 மணி 20 நிமிடம் கழித்துச் சென்னையின் உச்சிக்கு வரவேண்டும்.

இங்கேதான் வகுப்பறையில் ஓர் இடையூறு நேர்கின்றது. மாணாக்கன் பாடநூல் விதிப்படி கணக்கிட்டு 1 மணி 20 நிமிடம் என்று விடை எழுதுகின்றான். ஆசிரியரோ, மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் நேர வேறுபாடு 2 மணி 30 நிமிடம் என்று அறிந்தவர். விடை தவறு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டால், சரியாகச் சிந்தித்த பிள்ளை தன் அறிவையே ஐயுறத் தொடங்குவான். உண்மையில் இரண்டு விடைகளும் சரி. 1 மணி 20 நிமிடம் என்பது கதிரவனின் வேறுபாடு. 2 மணி 30 நிமிடம் என்பது அரசாங்கங்கள் வகுத்த கடிகாரத்தின் வேறுபாடு.

இந்தியக் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. சென்னை அதற்குச் சற்று மேற்கே இருப்பதால் அங்குக் கதிரவன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12.09-க்கு. மலேசியக் கடிகாரமோ 120 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. அந்தத் தீர்க்கரேகை மலேசியாவையே தொடவில்லை. சபாவுக்கும் கிழக்கே கடலிலும் பிலிப்பீன்ஸிலும் செல்கின்றது. 100.3 பாகையில் உள்ள பினாங்கு அதற்கு ஏறத்தாழ இருபது பாகை மேற்கே கிடக்கின்றது. எனவே இங்குக் கதிரவன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 1.19-க்கு. பினாங்கில் காலை ஏழு மணிக்கும் இருள் முழுவதும் விலகாமலிருப்பதன் காரணமும் இதுவே.

கடிகாரத்தின் கதை

இவ்வேறுபாடு என்றும் இவ்வளவாக இருந்ததன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் அமைத்தனர். அங்குக் கணித்த சென்னை நேரம் கிரீனிச்சு நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்வேக்கள் இச்சென்னை நேரத்தையே பின்பற்றி ஓடின. 1906-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து 5 மணி 30 நிமிடம் என்ற இந்தியப் பொதுநேரம் வந்தது.

மலாயாவில் 1905-ஆம் ஆண்டு சூன் முதல் கிரீனிச்சுக்கு 7 மணி முந்திய நேரம் வழங்கியது. 105 பாகைக்கு உரிய நேரம் அது. கதிரவனுக்கு ஓரளவு அண்மையது. 1933-இல் அதனோடு 20 நிமிடம் கூட்டப்பட்டது. 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம் கூட்டி 7 மணி 30 நிமிடம் ஆக்கினர். சப்பானியர் ஆண்டபோது கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டு 9 மணி ஆயிற்று. 1945-இல் அவர்கள் நீங்கியதும் மீண்டும் 7 மணி 30 நிமிடம். 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தீபகற்பமும் சபா, சரவாக்கும் ஒரே நேரத்தைப் பின்பற்றவேண்டும் என்று முடிவாகி, இங்குக் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளினர். அன்றிலிருந்து 8 மணி.

போர்க்காலத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 1906 முதல் 1932 வரை மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒன்றரை மணி; பின்னர் 1 மணி 50 நிமிடம்; 1945-க்குப்பின் இரண்டு மணி; 1982 முதல் இரண்டரை மணி. நடுவே கிடக்கும் கடல் ஒரு முழமும் அகலவில்லை. கதிரவனின் வேறுபாடு அன்றும் இன்றும் 1 மணி 20 நிமிடமே. பழைய நாட்களில் பயணம் செய்த பெரியவர் ஒருவர், "இரண்டு மணி நேரந்தானே வித்தியாசம்" என்று சொன்னால் அவர் மறதியால் சொல்லவில்லை. தம் காலத்துக் கணக்கைச் சொல்கின்றார்.

கப்பலில் இத்துன்பம் இல்லை

கப்பற் காலத்தில் இந்தக் குழப்பம் யாரையும் வருத்தியதாகத் தோன்றவில்லை. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று மக்களை ஏற்றி இறக்கியது. நாகப்பட்டினத்திலிருந்து பெரிய நிக்கோபாருக்குத் தெற்கே சென்று பினாங்கை அடையும் கடல்வழி ஏறத்தாழ 1,260 கடல் மைல். மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் சென்றால் 105 மணி நேரம். அஃதாவது நான்கு நாளும் ஒன்பது மணியும். அந்நாட்களில் இரண்டு மணி நேர வேறுபாட்டை நாளொன்றுக்கு அரைமணிக்கும் குறைவாகப் பங்கிட்டுக் கப்பலின் கடிகாரத்தை நகர்த்திவிடலாம். பயணிகள் கரையிறங்கும்போது உடலும் கடிகாரமும் ஒத்திருக்கும். ரஜூலா 1973-இல் ஓய்வு பெற்றது. அதன்பின் இவ்வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்குள்ளானதோடு அந்தக் காலமும் முடிவுற்றது.

பாய்மரக் காலத்திலோ பயண நேரம் என்பதற்குப் பொருளே வேறு. சோழ நாட்டுக் கரையிலிருந்து கடாரத்துக்கு வந்த வணிகர் தென்மேற்குக் காற்றோடு கிழக்கே வந்து, வடகிழக்குக் காற்றுக்காகக் காத்திருந்து மேற்கே திரும்பினர். கடலில் கழிந்த நாட்களினும் கரையில் காற்றுக்குக் காத்த மாதங்களே மிகுதி. அன்று காற்று, பின்னர் நீராவி, இன்று ஜெட் எந்திரம் என வழி நேரம் குறைந்துகொண்டே வந்திருக்கின்றது. 262 நாழிகை ஒன்பது நாழிகையாகச் சுருங்கியபின், இடையிலுள்ள இரண்டரை மணிக் கடிகார வேறுபாடு பயண நேரத்தின் பெரும்பகுதியையே விழுங்கிவிடும் அளவுக்குத் தோன்றுகின்றது. ஒரு மணி, ஆறு மணி என்ற மயக்கம் பிறந்தது இவ்விரைவினாலேயே.

வகுப்பில் செய்துகாட்ட

இதை மாணாக்கர் தாமே கண்டறியச் செய்வது நன்று. பள்ளித் திடலில் வெயில் படும் இடத்தில் ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டு, பகல் 12.30 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்துவரச் சொல்லலாம். நிழல் மிகக் குறுகும் நேரம் பன்னிரண்டு அன்று, ஒரு மணிக்கும் பின் என்பதைக் கண்டு அவர்கள் வியப்பர். ஆண்டின் பருவத்துக்கேற்ப அந்நேரம் 1.03-இலிருந்து 1.33 வரை மாறும். ஏப்பிரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் கதிரவன் பினாங்கின் தலைக்கு நேர் மேலே வருவதால் நிழல் ஏறக்குறைய மறைந்துபோகும்; அந்நாட்களைத் தவிர்த்துச் சூன் அல்லது டிசம்பர் மாதத்தில் செய்தால் நிழல் தெளிவாக விழும்.

அதே நாளில் சென்னையிலும் ஒரு பள்ளி இவ்வாறு செய்து, தன் நேரத்தை அனுப்புமாயின் பாடம் முழுமை பெறும். சராசரிக் கணக்கில் பினாங்கில் 1.19, சென்னையில் 12.09. பினாங்கின் 1.19 என்பது சென்னைக் கடிகாரத்தில் காலை 10.49. அதிலிருந்து 12.09 வரை 1 மணி 20 நிமிடம். நான்கால் வகுத்தால் இருபது பாகை. இரண்டு கம்புகளையும் ஒரு தொலைபேசியையும் கொண்டே இரண்டு ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைப் பிள்ளைகள் அளந்துவிடுவர்.

பயணக் கணக்குக்கு நினைவில் வைக்கவேண்டியது இவ்வளவே. முதலில் இரண்டு நேரங்களையும் ஒரே ஊரின் கடிகாரத்துக்கு மாற்றுக. பினாங்கு மணியைச் சென்னை மணியாக்க இரண்டரை கழிக்க. சென்னை மணியைப் பினாங்கு மணியாக்க இரண்டரை கூட்டுக. அதன்பிறகே பயண நேரத்தைக் கூட்டவோ கழிக்கவோ தொடங்குக. கூட்டவேண்டிய இடத்தில் கழித்துவிட்டால் பிழை இரண்டரை மணியன்று, ஐந்து மணி.

முன்பு சொல்லப்பட்ட மகன் இவ்விதியை அறிந்திருந்தால் என்ன செய்திருப்பார்? காலை 9.30-ஐ முதலில் சென்னை மணியாக்கியிருப்பார், 7.00 என்று வந்திருக்கும். அதனோடு 3 மணி 35 நிமிடத்தைக் கூட்டியிருப்பார், 10.35. பகல் 1 மணிக்கு முன் வீடு சேர்ந்துவிடலாம் என்று தெளிந்து, "வருகிறேன், எடுத்துவிடாதீர்கள்" என்று சொல்லியிருப்பார். கடல் கடந்து வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இக்கணக்கைப் பிழையறக் கற்றுக்கொடுப்பது ஆசிரியர்களின் கடமைகளுள் ஒன்றாகும்.